மதிலில் வந்த பெயர்

எங்கள் முகாமில் ஏறத்தாழ இருபது வருடமாக எழுதுவதற்கு ஒரு சுவர் இருக்கவில்லை. வீட்டுச் சுவரும் கிடுகு, வேலியும் கிடுகு, குளிக்கிற இடத்து மறைப்பும் கிடுகு. தென்னோலையைப் பின்னிக் கட்டிய அந்தத் தட்டியில் கரியால் கீறினால் கரி உதிரும், ஆணியால் கீறினால் ஓலை கிழியும், உம்மாவின் கையில் அகப்பட்டால் நம்முடைய முதுகும் கிழியும். அப்படியும் எவனாவது கஷ்டப்பட்டு எதையாவது எழுதி வைத்தால், நோன்புக்கு முன்னர் பழைய கிடுகை அவிழ்த்து அடுப்புக்கு வைத்துவிட்டுப் புதுக் கிடுகு கட்டுவார்கள். போன வருடம் நாங்கள் அங்கே இருந்தோம் என்பதற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாது.

தொண்ணூறில் ஆயுதம் தாங்கியவர்களால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்துக்கு வந்து, கற்பிட்டிப் பாதையோரத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் ஒதுங்கியவர்களின் பிள்ளை நான். நான் பிறந்ததே இங்கேதான். ஆனாலும் எங்கள் இடத்துக்கு முகாம் என்றுதான் பெயர், எங்களுக்கு அகதிப் பிள்ளைகள் என்றுதான் பெயர். நாளைக்கோ மறுநாளைக்கோ ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு இங்கே எதற்குக் கல்வீடு என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்து பெரிய பிள்ளையாகிவிட்டேன். பாடசாலையில் சுவர் இருந்ததே என்று கேட்கலாம். இருந்ததுதான். அங்கே பிரம்போடு அதிபரும் இருந்தார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் வாப்பா மன்னாருக்குப் போய்த் தன் வளவைப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இருந்த இடத்தில் காடு ஏறிவிட்டதாம், கிணற்றை வைத்துத்தான் இது நம்முடையது என்று கண்டுபிடித்தாராம். சில நாட்கள் கழித்து ஒரு பகல் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, பிள்ளைகள் படிக்கிற இடத்திலேயே நாமும் இருந்துவிடுவோம் என்று உம்மாவிடம் சொன்னார். உம்மா ஓம் என்றார். என் வயதைவிட மூத்த ஒரு கேள்வி, பீங்கான் கழுவுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

வாப்பா கருவாட்டு வியாபாரி. ஆலங்குடாவிலும் மாம்புரியிலும் கரைக்கு வரும் மீனை வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்துப் புத்தளத்துக்கு அனுப்புவார். தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலத்தில் யாவாரம் களைகட்டும். அப்படி ஒரு திருவிழா முடிந்த கையோடு எங்கள் வளவில் சீமெந்துக் கல் வந்து இறங்கியது. வீடு கட்டப் போகிறார் என்று நாங்கள் துள்ளினோம். மனிதர் முதலில் கட்டியது மதிலை. உள்ளே கிடுகும் தகரமும் அப்படியே இருக்க, ஆட்கள் போய்வரும் ஒழுங்கைப் பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்கு நீளமான மதில் எழும்பியது. காரணம் நான்தான். வயதுக்கு வந்த பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டை, போகிறவன் வருகிறவன் எல்லாம் வேலி இடுக்கால் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

மேசன் பூசி முடித்ததும் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து வாப்பா தன் கையாலேயே வெள்ளையடித்தார். வெயிலில் அதைப் பார்க்கவே கண் கூசியது. பக்கத்து வீட்டு ராத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். முகாமின் முதல் மதில் எங்களுடையது என்பதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. முதலில் ஒரு மீன் வந்தது, அடுப்புக் கரியால் கீறிய மீன். வாப்பா சிரித்துக்கொண்டே அதற்கு மேல் வெள்ளையடித்தார். அடுத்து கிரிக்கெட் மெட்ச் ஒன்றின் ஓட்டக் கணக்கு வந்தது. அதற்கடுத்து பெயர்கள் வரத் தொடங்கின, ஒன்றன் மேல் ஒன்றாக. வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளையடிப்பார். சனிக்கிழமை காலை அந்தச் சுவர் புதுக் கொப்பியைப் போலப் பளிச்சென்று நிற்கும். பொடியன்மாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடைசியில் ஆத்திரம் தாங்காமல் வாப்பாவே பெரிய எழுத்தில் ‘இங்கே எழுதக் கூடாது’ என்று எழுதிவைத்தார். விடிந்து பார்த்தால் அதன் கீழே அடக்கமான எழுத்தில் ‘ஓம், சரி’ என்று எழுதியிருந்தது. உம்மா முக்காட்டு நுனியை வாயில் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

எதற்காக எழுதினார்கள் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. குழப்படி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், பெரியவர்கள் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் நான் மதிலுக்கு உள்பக்கம் இருந்தவள். கேற் இடுக்கால் ஒழுங்கை தெரியும். ஒரு நாள் காலை, மீசை அரும்பத் தொடங்கிய ஒருவன் சைக்கிளில் வந்தான். எங்கள் மதில் தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்தான். முந்திய மாலை எழுதிய தன் பெயருக்கு நேரே வந்ததும் முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான். பெயர் அங்கேயே இருந்தது. அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். வீட்டில் அவனை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது ஒழுங்கைக்கே தெரியும். சத்தமும் உடைந்து, கைகாலும் நீண்டு, சிறுபிள்ளையும் இல்லை பெரிய ஆளும் இல்லை என்று நிற்கிற வயது. தான் இல்லாத நேரத்திலும் தன் பெயர் ஓரிடத்தில் நின்று, நாலு பேர் கண்ணில் படுகிறது என்பது அந்த வயதில் சின்னக் காரியமில்லை.

இன்னும் சிலர் ஊர்ப் பெயர்களை எழுதினார்கள். மன்னாரில் தாங்கள் ஒரு நாளும் கண்டிராத ஊர்கள், உம்மா வாப்பாவின் வாயால் மட்டும் கேட்ட ஊர்கள். பாடசாலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் அகதி என்று கூப்பிட்ட நாட்களில்தான் இவை அதிகமாக வரும் என்று நான் கவனித்திருக்கிறேன். அப்படி ஒரு தடவை வாப்பாவின் ஊர்ப் பெயரே வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு முடிந்துவிட்டது என்று சொல்லி வாப்பா வெள்ளையடிக்கவில்லை. வாளியில் பாதிச் சுண்ணாம்பு இருந்ததை நானும் பார்த்தேன், உம்மாவும் பார்த்தார், இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இப்படியாக வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு நாள் என் பெயர் வந்தது.

பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, உயர்தரம் படிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. எங்கள் முகாமில் உயர்தரத்துக்குப் போன பொம்பிளைப் பிள்ளைகள் குறைவு. நான் தினமும் பஸ் ஏறிப் போய்வந்தேன். அன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் போய்விட்டு வந்த வாப்பா, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். என்ன என்று கேட்டுப் போன உம்மா, திரும்பி வந்து என்னை உள்ளே போகச் சொன்னார். நான் உள்ளே போகவில்லை. கேற்றுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன்.

மதிலின் நடுவில் என் பெயர். கரியால் இல்லை, போட் எஞ்சினில் இருந்து வடித்த கறுப்பு ஒயிலால். ஒவ்வோர் எழுத்தும் முழ உயரம், ஆறுதலாக, அழகாக எழுதியிருந்தது. பக்கத்தில் வேறு பெயர் இல்லை, இதயப் படம் இல்லை, அம்பு இல்லை. அதுதான் பெரிய வில்லங்கம். பக்கத்தில் ஒருவனின் பெயர் இருந்திருந்தால் அவனைப் பிடித்து நாலு அறை கொடுத்துக் கதையை முடித்திருக்கலாம். தனியாக நின்ற என் பெயருக்குப் பக்கத்தில், ஒழுங்கையால் போன ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வாப்பா வழக்கம்போலச் சுண்ணாம்பைக் கரைத்தார். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா அழுக்குக்கும் மருந்து சுண்ணாம்புதான். ஈரத்தில் மறைந்த மாதிரித்தான் இருந்தது. பத்து மணி வெயில் ஏறி, சுண்ணாம்பு காய்ந்ததும், ஒயில் பட்ட இடத்தில் மட்டும் பிடிக்காமல் செதில் செதிலாக உதிர்ந்தது. சுற்றிவரப் புது வெள்ளை, நடுவில் கபில நிறத்தில் நான். பெயர் முன்னரைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. வாப்பா இரண்டாம் தடவையும் அடித்தார். அதுவும் உதிர்ந்தது.

அதற்குப் பிறகு ஆலோசனை சொல்கிறவர்கள் வந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர், சுண்ணாம்பில் உப்புச் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி ஒரு பை உப்போடு வந்து நின்றார். உப்புச் சேர்த்து அடித்தார்கள். மதில் முழுவதும் நன்றாகத்தான் பிடித்தது, என் பெயரைத் தவிர. மண்ணெண்ணெயால் துடைத்தால் போய்விடும் என்றார் இன்னொருவர். துடைத்தார்கள். ஒயில் பரவி, எழுத்து ஒவ்வொன்றும் பருத்துக் கொழுத்துவிட்டது. ஒழுங்கையில் ஆண்கள் ஒரு கூட்டமாக நின்று என் பெயரைத் தேய்த்தார்கள். அதுவரை விஷயம் தெரியாமல் இருந்தவர்களும் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். சும்மா விட்டிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். அழிக்கிறோம் என்று சொல்லி ஊருக்கே விளம்பரம் செய்துவிட்டார்கள்.

எழுதினவன் என் கையில் கிடைத்திருந்தால் அந்த ஒயிலையே குடிக்க வைத்திருப்பேன். அவ்வளவு கோபம். ஆனால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் நான் மெதுவாகக் கேற்றைத் திறந்து போய் அதைப் பார்த்தேன். என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் கண்டதே இல்லை. வகுப்பு வரவு இடாப்பில் அது ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கும். இங்கே வெயிலில் தனியாக நின்றது. யாரோ ஒருவர் என்னை நினைத்து, ஒயிலையும் பிரஷையும் தேடி எடுத்து, எழுத்துப் பிசகாமல் பொறுமையாக எழுதியிருக்கிறார் என்பது மனசுக்குள் இனித்தது. பயமும் அந்த இனிப்பும் ஒன்றாக இருந்தன. அந்த வயதில் இரண்டும் ஒன்றாக இருக்க முடியும். சைக்கிளில் வந்தவனின் கண் ஏன் திரும்பியது என்று எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

வாப்பா என்னை ஒரு தடவை மட்டும் கேட்டார். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், தாழ்ந்த குரலில், ஆரென்று தெரியுமா என்று. தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், நம்பினார். அவர் நம்பியது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஒழுங்கை நம்ப வேண்டுமே. கதை அடங்கும் வரைக்கும் கொஞ்ச நாள் வீட்டிலிரு என்றார். கொஞ்ச நாள் கிழமையானது, கிழமை அடுத்த கிழமையை இழுத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் பாடம் போய்க்கொண்டிருந்தது. காலையில் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டால் புத்தகத்தை விரித்து, இந்நேரம் என்ன பாடம் என்று கணக்குப் பார்ப்பேன். வாப்பா கெட்டவர் இல்லை. எனக்கு வேண்டிய புத்தகங்களையெல்லாம் கேட்காமலே வாங்கித் தந்தவர் அவர்தான். அவர் பயந்துபோயிருந்தார். ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்து வந்தவருக்கு, மிச்சமிருந்தது மரியாதை ஒன்றுதான் என்று ஒரு நினைப்பு.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். மாமா என்றால் உம்மாவின் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர். புத்தளத்துக்குக் கிட்ட வேறொரு முகாமில் இருந்தவர். நல்லது கெட்டதில் முன்னுக்கு நிற்கிறவர், உம்மாவுக்குக் கலியாணம் பேசி முடித்தவரும் அவர்தான். அவருடைய சொல்லுக்கு வீட்டில் மறுசொல் கிடையாது. அவர் கையோடு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை கட்டாரில் வேலை, குடும்பம் தெரிந்த குடும்பம், கதை பெரிதாகிறதுக்கு முதல் முடித்துவிடுவோம் என்றார். படிப்பு? எட்ட எட்டப் படித்தால் மாப்பிள்ளையும் எட்ட எட்டப் போவான் என்று சொல்லிச் சிரித்தார். வாப்பா பிளாஸ்டிக் கதிரையில் குனிந்தபடி இருந்தார். நான் அறைக்குள் கிடுகுத் தட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வாப்பா இல்லை என்று சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

உம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். மாமா கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு, உம்மாவையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிற மாதிரிச் சொன்னார்.

“பேர் மதில்ல வந்த புள்ளய இனி எவன் கேட்டு வருவான்? கிடைச்சத முடிச்சிருவம்.”

உம்மா குசினிக்குள் போனார். மற்றத் தேநீரை எடுக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்தார், முக்காட்டைச் சரிசெய்தார், முற்றத்தால் நடந்து கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போனார். பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். பொடியன்மார் பந்தும் மட்டையுமாக விளையாடப் போகிறார்கள், பெண்கள் தண்ணீருக்குப் போகிறார்கள், ஒழுங்கை நிறைய ஆட்கள். ஏதோ விபரீதம் என்று நான் பின்னால் ஓடினேன், மாமாவும் வாப்பாவும் எனக்குப் பின்னால்.

உம்மா என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

நேராக வரவில்லை. முதலெழுத்துப் பெரிதாகவும் கடைசியெழுத்துச் சிறிதாகவும் சரிந்துகொண்டு போனது. கரி இரண்டு தடவை உடைந்தது. உடைந்த துண்டைக் குனிந்து எடுத்து மறுபடியும் எழுதினார். ஒழுங்கையில் ஒருவரும் அசையவில்லை. பந்து வைத்திருந்தவன் பந்தைப் பிடித்தபடியே நின்றான். அவர்கள் எல்லாருக்கும் அவர் சாச்சி, மாமி, ராத்தா, இன்னாரின் உம்மா. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பாதிப்பேர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். எழுதி முடித்ததும் கையைத் தட்டிவிட்டு மாமாவின் முன்னால் வந்து நின்றார்.

“காக்கா, இப்ப என்ட பேரும் மதில்ல வந்திட்டு. என்னய எங்க அனுப்பப் போறீங்க?”

மாமா உள்ளே வந்து கதைப்போம் என்பதுபோல் கையைக் காட்டினார். உம்மா அசையவில்லை. சத்தம் போடவும் இல்லை. கடைக்குச் சாமான் சொல்லிவிடுகிற அதே குரலில்தான் சொன்னார்.

“நான் பத்தாம் வகுப்பு படிச்சிட்டு இருந்தன். என்னய வாப்பா நிப்பாட்டல்ல, நீங்களும் நிப்பாட்டல்ல. துவக்கோட வந்தவங்கதான் நிப்பாட்டினாங்க. இவள நிப்பாட்டுறது ஆரு? நாங்களா?”

மாமா மதிலைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அவர் கெட்ட மனுசன் இல்லை என்று இப்போது சொல்ல முடிகிறது. தொண்ணூறில் தன் தங்கையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அவளுடைய புத்தகப் பையைத் தூக்க முடியாமல் வழியில் போட்டுவிட்டு வந்தவரும் அவர்தான். அது அவருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். தேநீரைக் குடிக்காமல் சைக்கிளை எடுத்தார். போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். கட்டார் மாப்பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

ஒயிலால் எழுதியவன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொடியனா, பொம்பிளைப் பிள்ளையா என்றுகூட நிச்சயமாகத் தெரியாது. பல வருடம் திட்டினேன், பிறகு திட்ட மறந்தேன். இப்போது நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது. அந்த ஒயில் இல்லாவிட்டால் உம்மா பத்தாம் வகுப்பில் விட்ட படிப்பை மனசுக்குள் எப்படிப் பொத்தி வைத்திருந்தார் என்பதை நான் அறிந்திருக்கவே மாட்டேன். ‘ஓம், சரி’ எழுதியவனுக்கும் நன்றி. எங்கள் உம்மாவைச் சிரிக்க வைத்தவன் அவன். அடுத்த மாதங்களில் மதிலின் கீழ்ப்பகுதியில், குந்தியிருந்து எழுதினால்தான் எட்டும் உயரத்தில், சின்னச் சின்னதாகப் புதுப் பெயர்கள் வந்தன. எழுத்தை வைத்து எனக்கு ஆட்களைத் தெரியும். எல்லாம் பொம்பிளைப் பிள்ளைகள்.

நான் ஆசிரியையாகிவிட்டேன். இதே கரையோரத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். மேசையிலும் மலசலகூடச் சுவரிலும் எழுதுகிறவர்களைப் பிடிக்கிற பொறுப்பை, ஆளைத் தெரியாமல், என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அசிங்கமாக எழுதினால், ஒரு பிள்ளையை நோகடிக்க எழுதினால், நான் விடுவதில்லை, என் பெயர் மதிலில் வந்தபோது பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிற மேசையைக் கண்டால் என் கை மெதுவாகிவிடும். அரத்தாள் கொடுத்துத் தேய்க்கச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு வேலை கொடுப்பேன். கரும்பலகையில் திகதி எழுதச் சொல்வேன், இடாப்பைத் தூக்கி வரச் சொல்வேன், வகுப்பறைக் கதவுக்கு மேலே வகுப்பின் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்வேன். பெரும்பாலும் மேசை அதற்குப் பிறகு தப்பிவிடும். மற்ற ஆசிரியர்கள் நான் செல்லம் கொடுக்கிறேன் என்கிறார்கள். கொடுக்கிறேன்தான்.

அந்த மாலைக்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். மாமா போனார், சரி. ஆனால் நான் மறுபடியும் பாடசாலைக்குப் போவதா இல்லையா என்பதை வாப்பா அல்லவா சொல்ல வேண்டும். அவர் அன்றைக்கு முழுவதும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டையும் பேருக்குத்தான் சாப்பிட்டார். உம்மாவும் அதைப் பற்றி எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஒழுங்கை நிறைய ஆட்கள் பார்த்திருக்க, தன்னைக் கேட்காமல் மனைவி செய்த காரியத்தை எந்த மனிதர் பொறுப்பார் என்று நினைத்தேன்.

காலையில் எழும்பியபோது என் வெள்ளைச் சீருடை பெட்டி போட்டு மினுக்கி, கதிரையில் விரித்திருந்தது. உம்மாவின் வேலை. உடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உடுத்தேன். சுபஹு முடிந்து வாப்பா வந்துவிட்டார் என்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. கேற் இடுக்கால் பார்த்தேன். மதிலுக்கு முன்னால், இரண்டு பெயர்களுக்கும் நேரே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு அவருக்குப் பக்கத்தில் போனார். வாப்பா கோப்பையை வாங்கினார், குடிக்கவில்லை.

“கலியாணம் முடிச்சு இத்தன வருஷம்,” என்றார். “உன்ட எழுத்த இப்பதான் காணுறன்.”

“ஆரும் எழுதச் சொல்லல்லயே,” என்றார் உம்மா.

வாப்பா தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை உம்மாவிடம் கொடுத்தார். என் பெயர் ஒயிலில் வந்த நாளிலிருந்து வீட்டில் அவர் அதைச் சொன்னதே இல்லை. மகள் என்பார், புள்ள என்பார், அந்தப் பெயர் மட்டும் அவர் வாயில் வராது. அன்று காலை, ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி, எழுத்து எழுத்தாக அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். உடுத்தாச்சா, பஸ் வந்துவிடும் என்று சத்தம் போட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.